பத்தொன்பதரை நாள்: ஏமி ஜான்சனின் வான்வழி

கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இரவில் ஏறி, கொடுக்கும் உணவைச் சாப்பிட்டு, ஒரு படம் பார்த்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் விடியும்போது ஹீத்ரோ வந்துவிடும். கால் நீட்ட இடம் போதவில்லை என்பதுதான் இந்தப் பயணத்தைப் பற்றி நம்மில் பலர் சொல்லும் பெரிய குறை.

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் இலண்டனின் குரோய்டன் விமானத் தளத்திலிருந்து ஒரு பெண் தனியாகப் புறப்பட்டார். மே 18ஆம் நாள் சிங்கப்பூரின் சிலேத்தாரில் வந்து இறங்கினார். பதினான்கு நாள்! அவர் போக வேண்டிய இடம் அதற்கும் அப்பால், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. பெயர் ஏமி ஜான்சன்.

நம் ஆண்டிதழில் தமிழறிஞர்களையும் தியாகிகளையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இனியும் எழுதத்தான் வேண்டும். இவ்வாண்டு நான் ஓர் ஆங்கிலேயப் பெண் விமானியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய வீரம் மட்டும் அன்று. பட்டம் பெற்ற பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற ஒரு பட்டதாரியாகத்தான் அவர் எனக்கு முதலில் அறிமுகமானார். இறுதியாண்டில் இருக்கும் எவருக்கும் அந்த நிலை புரியும்.

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹல் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வணிகர். வசதியான குடும்பம், நான்கு பெண்களில் ஏமி மூத்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குப் பள்ளிப்படிப்பு முடிந்தால் அடுத்தது திருமணம்தான். ஏமி ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பொருளாதாரம் உள்ளிட்ட பாடங்களைப் படித்து, 1925இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு, அதாவது இதை எழுதும் என் வயது.

பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்த வேலை என்ன? சுருக்கெழுத்தும் தட்டச்சும்! ஹல்லில் ஓர் அலுவலகம், பிறகு இன்னோர் அலுவலகம், அதன்பின் இலண்டனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தட்டச்சர். இடையில் ஒரு சுவிஸ் நாட்டு வணிகரைப் பல ஆண்டுகள் காதலித்தார். அந்த மனிதர் 1928இல் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மனம் ஒடிந்துபோன அந்த ஆண்டில்தான் ஏமி இலண்டனின் வடபுறத்தில் இருந்த ஸ்டாக் லேன் என்ற சிறிய விமானத் தளத்துக்குப் போகத் தொடங்கினார். காதல் தோல்விதான் அவரை விமானம் ஓட்ட வைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தட்டச்சுப் பொறியும் அதே அளவு காரணமாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விமானம் ஓட்டுவதில் அவர் பிறவி மேதை இல்லை. முதல் பயிற்றுநருக்கு அவர்மீது நம்பிக்கையே இல்லை. மற்றவர்கள் பத்து மணி நேரப் பயிற்சியில் தனியாகப் பறக்கத் தொடங்கினால் ஏமிக்கு ஏறக்குறைய பதினாறு மணி நேரம் தேவைப்பட்டது. தரையிறக்கம் அவருக்கு எப்போதும் தலைவலிதான்; கடைசி வரை அப்படித்தான் இருந்தது. ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது. விமானத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைக் கழற்றி மாட்டவும் தெரிய வேண்டும் என்று நினைத்தார். விடியற்காலையிலும் மாலையிலும் எண்ணெய்க் கறையோடு கொட்டகையில் கிடந்தார். அங்கிருந்த தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ஃப்ரீஸ் அவருக்கு இயந்திரத்தைக் கற்றுக்கொடுத்தார். 1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில் தரைப் பொறியாளர் உரிமமும் கிடைத்தது. அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

அதன் பிறகுதான் ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட பயணம் இலண்டனிலிருந்து தம் ஊரான ஹல்லுக்கு, 240 கிலோமீட்டர் போல! வானில் இருந்த மொத்த நேரம் ஏறத்தாழ 85 மணி. இன்று வணிக விமானி உரிமம் பெறவே 150 முதல் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பணம் கேட்டு அவர் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவர்கள் பதில்கூடப் போடவில்லை. கடைசியில் சிவில் விமானத் துறையின் இயக்குநராக இருந்த சர் செஃப்டன் பிராங்கர் மனம் வைத்தார். அவர் மூலமாக எண்ணெய் வணிகரான வேக்ஃபீல்டு பிரபு பாதிப் பணம் தந்தார். மீதிப் பாதியைத் தந்தை தந்தார். 600 பவுனுக்கு ஏற்கெனவே பயன்படுத்திய ஜிப்சி மோத் விமானம் ஒன்று வாங்கப்பட்டது. திறந்த இருக்கை, மரச்சட்டம், துணி போர்த்திய இறக்கை, 100 குதிரைத் திறன் இயந்திரம். தந்தையின் மீன் வணிகச் சின்னத்தின் பெயரையே, அதாவது 'ஜேசன்' என்பதையே விமானத்துக்கும் வைத்தார்.

இப்போது தொலைவுக்கு வருவோம். ஐந்தாம் படிவக் கணிதத்தில் 'பூமி செபகாய் ஸ்ஃபேரா' என்ற பாடம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உருண்டையான பூமியில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் பெருவட்டத்தின் வழியே அமையும். அந்த வட்டத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கடல் மைல். எஸ்.பி.எம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த வாய்பாட்டில் இலண்டனையும் டார்வினையும் போட்டுப் பார்த்தேன். விடை ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர். ஆனால் ஏமி பறந்தது 11,000 மைல், அதாவது ஏறக்குறைய 17,700 கிலோமீட்டர். நாலாயிரம் கிலோமீட்டர் எங்கிருந்து கூடியது?

பெருவட்டப் பாதை இலண்டனிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி ருஷ்யாவின் மேலாகவும் மத்திய ஆசிய மலைகளின் மேலாகவும் போகும். அங்கே அவருக்கு எரிபொருள் வைக்க இடமில்லை. அவருடைய விமானத்தால் அந்த மலைகளின் உயரத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே எங்கே பெட்ரோல் கிடைக்குமோ, எங்கே இறங்க இடமுண்டோ, அந்த ஊர்களைக் கோத்துத்தான் பாதை போட வேண்டும். அதற்குள்ளும் அவர் ஒரு குறுக்கு வழி தேடினார். 1928 பிப்ரவரியில் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் இலண்டனிலிருந்து டார்வினுக்குப் பதினைந்தரை நாளில் தனியாகப் பறந்திருந்தார். ஏமி முறியடிக்க நினைத்தது அந்தச் சாதனையைத்தான். ஹிங்க்லர் இத்தாலி, மால்டா, வட ஆப்பிரிக்கா என்று பாதுகாப்பான வழியில் வந்தவர். ஏமியோ வரைபடத்தின்மேல் அடிகோலை வைத்து ஒரு நேர்கோடு இழுத்தார். வியன்னா, இஸ்தான்புல், துருக்கியின் டாரஸ் மலைகள், அலெப்போ, பாக்தாத் என்று அது போயிற்று. தட்டையான வரைபடத்தில் நேர்கோடு உண்மையான குறுகிய வழி ஆகாது என்று நம் கணித ஆசிரியர் சொல்வார். என்றாலும் ஹிங்க்லரின் வழியைவிட அது குறுகியதுதான், ஆபத்தும் அதிகம்.

மே 5 காலை குரோய்டனில் அவரை வழியனுப்ப வந்தவர்கள் மிகச் சிலர். தந்தை வந்திருந்தார். எரிபொருளின் எடையால் முதல் முயற்சியில் விமானம் மேலெழவில்லை. திரும்பி வந்து இரண்டாம் முறை ஓடினார், எழுந்தது. அன்று பத்து மணி நேரத்தில் வியன்னா. மறுநாள் பன்னிரண்டு மணி நேரத்தில் இஸ்தான்புல். கூடுதல் தொட்டிகளில் இருந்த பெட்ரோலைக் கையால் பம்பு அடித்து மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். பெட்ரோல் வாடையில் குமட்டிக்கொண்டே வந்தார். இறங்கியதும் தூக்கம் இல்லை. இயந்திரத்தைப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும், சுங்க அதிகாரிகளோடு பேச வேண்டும். இரவில் மூன்று, நான்கு மணி நேரம் தூங்கினால் பெரிது.

கிழக்கு நோக்கிப் பறப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு நாளும் சூரியன் அரை மணி, முக்கால் மணி முன்னதாகவே மறைந்துவிடும். இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டிய விமானிக்கு அந்த அரை மணி பெரிய இழப்பு. இன்று நாம் இதை நேர மாற்றக் களைப்பு என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் தூங்கிக் கழிக்கிறோம்.

அலெப்போவிலிருந்து பாக்தாத் போகும் வழியில் மணற்புயல் அடித்தது. விமானம் கல்லைப் போலக் கீழே விழுந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எப்படியோ சக்கரங்கள் மணலைத் தொட்டன. அவர் கீழே குதித்து, காற்று விமானத்தை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கச் சக்கரங்களுக்கு முன்னால் பெட்டியையும் கருவிகளையும் முட்டுக் கொடுத்தார். இயந்திரத்தைத் துணியால் மூடினார். தொலைவில் நாய்கள் குரைத்தன. கைத்துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு, விமானத்தின் வாலருகே உட்கார்ந்து புயல் ஓயும் வரை காத்திருந்தார். அந்தப் பாலைவனத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. வானொலிக் கருவியும் இல்லை. இதைப் படித்தபோது, கைப்பேசியில் தொடர்பு இல்லை என்றால் பத்து நிமிடத்தில் பதறிப்போகும் நம்மை நினைத்துக்கொண்டேன்.

மே 10ஆம் நாள் கராச்சி. புறப்பட்டு ஆறே நாள்! ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்திவிட்டார். அதுவரை எந்தப் பத்திரிகையும் கண்டுகொள்ளாத ஏமி, ஒரே நாளில் முதல் பக்கத்துக்கு வந்தார். ஹல் நகரத்து மீன்காரர் மகள் எங்கே இறங்கினாள் என்று இங்கிலாந்து முழுவதும் விசாரிக்கத் தொடங்கியது.

அங்கிருந்துதான் சறுக்கல் ஆரம்பம். மறுநாள் அலகாபாத் போக வேண்டியவர், எரிபொருள் குறைந்து ஜான்சியில் இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். இறக்கை ஒரு கம்பத்தில் மோதிக் கிழிந்தது. தைத்து ஒட்டிக்கொண்டு மே 12இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். 13ஆம் நாள் பர்மாவுக்குள் நுழைந்தபோது பருவமழை. ரங்கூனின் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டும். மழையில் அது கண்ணில் படவில்லை. நகருக்கு வெளியே இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலைப் பார்த்து இறங்கினார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை உடைந்தது, சக்கரச் சட்டம் உடைந்தது, முன்விசிறி நொறுங்கியது.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவர் விழுந்த இடம் அரசாங்கத் தொழில்நுட்பக் கழகத்தின் திடல். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடிவந்தார்கள். மாற்று முன்விசிறி ஒன்றை ஏமி விமானத்தின் பக்கத்திலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார், அது தப்பித்தது. உடைந்த மரச்சட்டங்களைக் கழகத்தின் பட்டறையில் செய்து கொடுத்தார்கள். இறக்கையைப் போர்த்துவதற்குத் துணி வேண்டுமே? முதல் உலகப் போரில் மிஞ்சிப்போன விமானத் துணியை யாரோ வாங்கிச் சட்டைகளாகத் தைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைப் பிரித்து மீண்டும் விமானத்துக்கே போர்த்தினார்கள்! பொறியியல் துறையில் படிக்கும் நம் நண்பர்கள் இதைவிட நல்ல இறுதியாண்டுத் திட்டப்பணியைக் காட்ட முடியுமா?

மூன்று நாள் போயிற்று. ஹிங்க்லரின் சாதனையும் அத்தோடு போயிற்று. 16ஆம் நாள் பாங்காக், 17ஆம் நாள் சயாமின் சிங்கோரா (இன்றைய சோங்க்லா), 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர். நம் தீபகற்பத்தை அவர் தாண்டியது ஒரு பகல் பொழுதில்.

அதே 1930இல் ரப்பர் விலை சரிந்து, தோட்டங்களில் வேலை இழந்த தமிழர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம். இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏமி பதினான்கு நாளில் வந்தது உலகச் செய்தி. கப்பலின் அடித்தளத்தில் ஒரு வாரம் கிடந்தவர்களின் பயணக் கணக்கை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஏமியைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. தூரம் எல்லாருக்கும் ஒன்றுதான். நேரம் அப்படி இல்லை.

சிங்கப்பூரிலிருந்து 19ஆம் நாள் கிளம்பி, ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கும்போது மூங்கில் குச்சிகள் இறக்கையைக் கிழித்தன. அதைப் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். சுராபாயாவில் ஒரு நாள் நின்றார். 22ஆம் நாள் தீமோர் தீவில் அத்தம்புவாவைத் தேடிப் போனவர் பொழுது சாய்ந்ததால் ஒரு சிற்றூரின் அருகே இறங்கிவிட்டார். அங்கே தந்தி வசதி இல்லை. ஆகவே அவர் காணாமற் போய்விட்டதாக உலகமெங்கும் செய்தி பரவியது. ஹல்லில் அவருடைய பெற்றோர் அந்த இரவை எப்படிக் கழித்திருப்பார்கள்?

கடைசிக் கட்டம் தீமோர் கடல். 800 கிலோமீட்டர் தண்ணீர். சக்கரம் வைத்த விமானம். இயந்திரம் நின்றால் முடிந்தது. பாதி வழியில் ஓர் எண்ணெய்க் கப்பல் அவருக்காகக் காத்திருந்தது. அதைக் கண்டபோதுதான் தாம் சரியான திசையில் போகிறோம் என்று அவருக்கு உறுதியாயிற்று. மே 24ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகல் டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரைவிட நான்கு நாள் தாமதம். ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் அவரே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டேன். ஜிப்சி மோத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 137 கிலோமீட்டர். 17,700 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 130 மணி நேரம் போதும். பத்தொன்பதரை நாளில் இருப்பவை 468 மணி. அப்படியானால் பயணத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் அவர் தரையில்தான் இருந்திருக்கிறார். இறக்கை தைத்தும், மழை விடக் காத்தும், எண்ணெய் மாற்றியும், அதிகாரிகளிடம் தாள் நீட்டியும் அந்த நேரம் கழிந்தது. இரு ஊர்களுக்கு இடையிலான பயண நேரத்தை முடிவு செய்தது விமானத்தின் வேகம் அன்று. நிற்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கைதான். பிறகு வந்த வளர்ச்சி எல்லாம் பெரும்பாலும் இந்த நிறுத்தங்களைக் குறைத்த கதையே. 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு நடந்த விமானப் போட்டியில், சிங்கப்பூர் உட்பட ஐந்தே கட்டாய நிறுத்தங்கள். வென்ற ஸ்காட், கேம்பல் பிளாக் இருவரும் மூன்று நாளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு நிற்காத விமானம் தொடங்கியது; ஏறத்தாழ 17 மணி நேரம். கோவிட் பெருந்தொற்றின்போது 2021 நவம்பர் முதல் 2022 நடுப்பகுதி வரை அந்தச் சேவை பெர்த்துக்குப் பதிலாக டார்வின் வழியாக நடந்தது. அதாவது ஏமியின் அதே இரண்டு ஊர்களுக்கு இடையே, ஒரு முறைகூட நிற்காமல், பதினாறு பதினேழு மணி நேரத்தில் மக்கள் பறந்தார்கள்.

டார்வினுக்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசாங்கம் சி.பி.இ. விருது கொடுத்தது. இலண்டனில் ஒரு நாளிதழ் 10,000 பவுன் கொடுத்தது. அவரைப் பற்றிப் பாட்டு எழுதி இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஆகஸ்டில் அவர் ஊர் திரும்பியபோது குரோய்டனிலிருந்து நகர மையம் வரை இலட்சக்கணக்கானோர் சாலையோரம் நின்றார்கள். வழியனுப்ப வந்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். வரவேற்க வந்தவர்களை எண்ண முடியாது. ஆனால் அந்த நாளிதழோடு செய்த ஒப்பந்தப்படி ஊர் ஊராகப் போய்க் கையசைக்க வேண்டியிருந்தது. சில நாளிலேயே உடலும் மனமும் சோர்ந்து பயணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். பாலைவனப் புயலில் தளராதவரைப் பாராட்டுக் கூட்டங்கள் தளரச் செய்துவிட்டன!

1931இல் ஹம்ஃப்ரீஸோடு சைபீரியா வழியாகத் தோக்கியோவுக்குப் பறந்தார். இலண்டனிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரே நாளில் போன முதல் விமானிகள் அவர்கள்தாம். 1932இல் ஜிம் மோலிசன் என்ற ஸ்காட்லாந்து விமானியை மணந்தார். அவரும் சாதனைகளுக்குப் பெயர் போனவர். அவ்வாண்டு நவம்பரில் ஏமி இலண்டனிலிருந்து கேப் டவுனுக்கு 4 நாள் 6 மணி 54 நிமிடத்தில் தனியாகப் பறந்தார். அவர் முறியடித்தது யாருடைய சாதனையை? தம் கணவருடையதைத்தான். பத்து மணி நேரத்துக்கும் மேலான வித்தியாசம். 1933இல் இருவரும் சேர்ந்து வேல்சிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள். நியூயார்க்கை நெருங்கும் வேளையில் எரிபொருள் தீர்ந்து, கனெக்டிகட்டில் பிரிட்ஜ்போர்ட் என்னும் ஊரில் விழுந்து இருவருக்கும் காயம். 1934 மெல்பர்ன் போட்டியிலும் கராச்சி வரை முன்னணியில் வந்து, அலகாபாத்தில் இயந்திரம் பழுதாகி விலகினார்கள். இருவரும் 1938இல் மணவிலக்குப் பெற்றார்கள். இடையில் 1936இல் மீண்டும் கேப் டவுன்: 3 நாள் 6 மணி 26 நிமிடம். அதுவே அவருடைய கடைசிச் சாதனைப் பயணம்.

சாதனைகளுக்கான காலம் முடிந்திருந்தது. பயணிகள் விமானங்களே அந்தத் தூரங்களை வாரம்தோறும் கடக்கத் தொடங்கியபோது, தனியாகப் பறந்து வரும் பெண்ணுக்காக யார் சாலையோரம் நிற்பார்கள்? ஏமி வேலை தேடினார். பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார், எழுதினார், கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டார், கிளைடர் ஓட்டினார். உலகம் அறிந்த விமானிக்கு நிலையான ஒரு விமானி வேலை கிடைப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டு கழித்து, அவர் மறுபடி அதே இடத்தில் நின்றார் என்றே எனக்குத் தோன்றியது.

போர் வந்ததும் 1940இல் விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலைகளிலிருந்தும் பழுது பார்க்கும் இடங்களிலிருந்தும் இராணுவ விமானங்களை அவற்றுக்குரிய தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைப்பது வேலை. பேரும் புகழும் இல்லாத, ஒரு வகையில் அஞ்சல்காரர் வேலை. முப்பதாயிரம் அடி உயரமோ மூவாயிரம் மைல் தூரமோ அதில் இல்லை.

1941 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு என்ற இரட்டை இயந்திர விமானத்தை, பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நகரருகே உள்ள கிட்லிங்டன் தளத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். நேர்த்தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவைத் தாண்டிச் சற்றுத் தூரம் போவது போல. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம். நண்பகலுக்குச் சற்று முன் புறப்பட்டார். மேகமும் பனிமூட்டமும் நாட்டை மூடியிருந்தன. விமானத்தில் வானொலி இல்லை. பதினோராண்டுகளுக்கு முன் பாலைவனத்தில் இருந்த அதே நிலை. மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் மேகத்துக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருந்தார். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், கிட்லிங்டனிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஹெர்ன் பே கரைக்கு அப்பால், பாராசூட்டில் இறங்கும் ஓர் உருவத்தைக் கப்பல்கள் கண்டன.

'ஹேஸில்மியர்' என்ற கப்பல் அருகே வந்தது. பனி பெய்துகொண்டிருந்தது, அலை பெரிதாக இருந்தது. கயிறு வீசினார்கள், அவரால் பிடிக்க முடியவில்லை. கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் அந்தக் குளிர்நீரில் குதித்தார். அவரை மேலே தூக்கியபோது நினைவில்லை. மருத்துவமனையில் இறந்தார். ஏமியின் பையும் சில பொருள்களும் மிதந்து கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு வயது முப்பத்தேழு. எரிபொருள் தீர்ந்து குதித்தார் என்பார்கள். நம் தரப்புப் பீரங்கியே சுட்டுவிட்டது என்று 1999இல் ஒரு முன்னாள் வீரர் கூறினார். வேறு பல கதைகளும் உண்டு. அவற்றில் நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை.

'ஜேசன்' இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரங்கூனில் பள்ளத்தில் விழுந்து, சட்டைத் துணி போர்த்தி, பிளாஸ்திரி ஒட்டி டார்வின் வரை போன விமானம் அது. கல்லறை இல்லாத போர்க்கால விமானிகளுக்காக ஹீத்ரோவுக்குத் தென்மேற்கே ரன்னிமீடு என்ற இடத்தில் ஒரு நினைவகம் கட்டியிருக்கிறார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏமியின் பெயரும் அவற்றில் ஒன்று. நினைவகம் குன்றின்மேல் இருப்பதால், வானம் தெளிவாக உள்ள நாளில் அங்கிருந்து பார்த்தால் ஹீத்ரோவில் விமானங்கள் இறங்குவது தெரியும்.